ஜாமீனுக்கு ஒரு ஆள்

நீங்க ஜன்னல் பக்கம் தள்ளிக்கிடுங்க தம்பி, நான் இந்த ஓரத்துல உக்காந்துக்கிடுதேன். காத்து வேண்டாம்னு இல்ல. ஜன்னல்ல உக்காந்தா ஒவ்வொரு ஸ்டாப்புலயும் ஏதாவது தெரிஞ்ச மூஞ்சி நிக்கும். எங்க அண்ணாச்சி போயிட்டு வாரியன்னு கேக்கும். கண் ஆஸ்பத்திரின்னு ஒரு பதில் வச்சிருக்கேன். அதையும் எத்தன தடவதான் சொல்லுதது? நான் சொன்ன கணக்குக்கு இந்நேரம் ரெண்டு கண்ணையும் புதுசா மாத்தியிருக்கணும்.

உங்கள நான் காலைலயே பாத்தேன். ஜெயில்ல ஆளப் பாக்க மனு எழுதிக் குடுக்க வரிசைல எனக்கு முன்னால நின்னிய. அங்கன வச்சு நான் யார்ட்டயும் பேசுததில்ல. துண்ட இப்பிடி வாயப் பொத்தி வச்சிக்கிடுவேன், இருமல்காரன் மாதிரி. பஸ்ல ஏறுனா உங்க பக்கத்துல எடம் இருந்துது. சரி, இவருக்கும் உள்ள ஆள் இருக்கு, இவரு நம்மளக் கேவலமாப் பாக்க முடியாதுன்னு தோணிச்சு. தப்பா எடுத்துக்கிடாதிய.

உங்களுக்கு யாரு உள்ள? தம்பியா? மணல் லாரியா? ஓட்டிட்டுப் போனவன்தானா? சரி சரி. லாரிக்காரன் வீட்டுல இருப்பான், டிரைவரு உள்ள இருப்பான்.

இன்னைக்குக் கூட்டத்தப் பாத்தியளா? நான் வர ஆரம்பிச்ச புதுசுல வரிசை அந்த வேப்பமரம் மட்டும்தான் நிக்கும். இப்ப ரோட்டுக்கு வந்துட்டு. பொம்பளைக கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு வெயில்ல நிக்காவ. உள்ள போனா கம்பி வலைக்கு இந்தப் பக்கம் அம்பது பேரு, அந்தப் பக்கம் அம்பது பேரு, அத்தன பேரும் ஒரே நேரத்துல கத்துதாவ. என் மவன் பேசுதது எனக்குக் கேக்காது. பக்கத்துல ஒருத்தி, ஆடு குட்டி போட்டுட்டுன்னு புருசன்ட்ட சொல்லுதது நல்லாக் கேக்கும்.

மூக்குக்கண்ணாடி போட்ட வார்டர் ஒருத்தரு இருக்காருல்லா, மனு வாங்குதவரு. அவருட்ட ஒரு நாள் கேட்டேன், என்னய்யா இப்பிடி ரொம்பி வழியுதுன்னு. வெள்ளக்காரன் கட்டுன கட்டடம் அண்ணாச்சி, அவன் கட்டுன அளவுக்கு ரெண்டு பங்கு ஆள் இப்ப கெடக்குன்னாரு. ராத்திரி ஒருக்களிச்சுதான் படுக்கணுமாம். ஒருத்தன் புரண்டா அந்த வரிசையே புரளணுமாம். சரி, ஊர்ல அவ்வளவு களவாணிப் பயலா பெருகிட்டான்னு கேட்டேன். அவரு சொன்னாரு, "தண்டன வாங்கினவன் இதுல கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் கேஸ் முடியாதவன். ஜாமீன் கிடைச்சவனே எத்தனயோ பேரு இருக்கான் அண்ணாச்சி. வெளிய வந்து கையெழுத்துப் போட ஆள் கிடையாது, அதனால கெடக்கான்."

எனக்கு வந்துதே கோவம். என்ன குடும்பம் இதெல்லாம்? பெத்துப் போட்டா ஆச்சா? ஒரு கையெழுத்துக்கு ஆள் பிடிக்க மாட்டாதவன் எதுக்குப் பிள்ள பெக்கான்? இவனுகளாலதான் ஜெயில் ரொம்புது, கவர்மெண்டு எத்தன ஜெயில்தான் கட்டும்னு நல்லாக் கேட்டேன். அந்த மனுசன் என் மனுவ வாங்கி ஒரு தடவ பாத்தாரு, சீல் குத்துனாரு, அடுத்த ஆளக் கூப்பிட்டாரு.

அவரு என்ன நெனச்சாருன்னு எனக்குத் தெரியும். ஆனா நம்ம விசயம் வேற தம்பி. அதத்தான் சொல்ல வாரேன்.

எனக்கு ஊர்ல உரக்கடை. எங்க அப்பா வச்ச கடை. கடைன்னா வெறும் கடை இல்ல பாத்துக்கிடுங்க, ஊர்ல ஒரு நல்லது கெட்டதுன்னா அங்கனதான் வருவாவ. பாங்குல லோன் கேக்கணுமா, பிள்ளையக் காலேஜ்ல சேக்கணுமா, அண்ணாச்சி ஒரு கையெழுத்துன்னு வந்து நிப்பாவ. போட்டுக் குடுப்பேன். எத்தன பேருக்கு நான் ஜாமீன் நின்னிருக்கேன்னு எனக்கே தெரியாது. ஒருத்தனையும் வேண்டாம்னு அனுப்புனது கிடையாது. எங்க குடும்பத்துல போலீஸ் ஸ்டேஷன் படி மிதிச்ச ஆளும் கிடையாது.

மூத்தவன் நல்ல பையன். நல்ல பையன்னா, சேர்க்கைதான் கொஞ்சம் அப்பிடி இப்பிடி. சாயங்காலமானா பைபாஸ் பாலத்துல கூட்டாளிகளோட போயி உக்காந்துக்கிடுவான். சித்திரை மாசம், அந்தப் பாலத்துக்குப் பக்கத்துல களவு போன பைக் ஒண்ணு நின்னுருக்கு. அந்த வட்டாரத்துல நிறைய பைக் காணாமப் போயிருந்துது. மேல இருந்து ஒரே நெருக்கடி போல. உக்காந்திருந்த நாலு பயலுகளையும் வண்டில ஏத்திட்டாவ.

ஸ்டேஷன்ல இருந்து ஒரு ஏட்டையா, நம்ம கடைல உரம் வாங்குதவரு, அவரே நேர்ல வந்தாரு. ஆள் இல்லாத நேரமாப் பாத்து மெதுவாச் சொன்னாரு. "அண்ணாச்சி, ஸ்டேஷனுக்கு ஒரு எட்டு வாங்க. எம் பையன்தான், நான் பாத்துக்கிடுதேன்னு எழுதிக் குடுத்துட்டுக் கூட்டிட்டுப் போயிருங்க. அய்யா விட்டுருவாரு."

எங்க ஊரு ஸ்டேஷன் எங்க இருக்கு தெரியுமா? நட்ட நடு பஜார்ல. எதுத்தாப்புல பூக்கடை, அடுத்தாப்புல ஓட்டல். அந்தப் படியில நான் ஏறுனா அன்னைக்கு ஊரே அதப் பத்திதான் பேசும். பொழுது சாயட்டும்னு பாத்தேன். நான் என்ன வர மாட்டேன்னா சொன்னேன்? பொழுது சாயட்டும்னுதான் சொன்னேன். சித்திரை மாசத்துல பொழுது எங்க சாயுது? அது பாட்டுக்குக் காயுது. இருட்டி, பின்பக்கச் சந்து வழியாச் சுத்திப் போனா, வண்டி போயிட்டு. மூணு பயலுகளுக்கு ஆள் வந்து கூட்டிட்டுப் போயிட்டாவளாம். ஒருத்தனோட அப்பன் வெறகு வெட்டுதவன், கோடாலியோட அப்படியே ஓடி வந்திருக்கான். ஆள் வராத ஒருத்தன மட்டும் மாஜிஸ்ட்ரேட் வீட்டுக்குக் கொண்டு போயிட்டாவ.

கொஞ்சம் பொறுத்திருக்கலாம்லா அவிய? பெரிய மனுசன் வாரேன்னு சொல்லியிருக்கானேன்னு ஒரு மரியாத வேண்டாமா? அந்த ஏட்டையாவுக்கு அதுக்கப்புறம் நான் கடன் சரக்கு குடுக்கதே இல்ல.

உள்ள போனவன் தலைல, கண்டுபிடிக்காமக் கெடந்த இன்னும் ரெண்டு பைக்கையும் சேத்துக் கட்டிட்டாவ. ஊர்ல கேட்டவங்கட்ட மும்பைக்குப் போயிருக்கான்னு சொன்னேன். எங்க பெரியப்பா வழியில ஒரு சொந்தக்காரன் அங்க டைல்ஸ் கம்பெனி வச்சிருக்கான், அங்க வேலைக்குன்னு. எல்லாரும் சரி அண்ணாச்சி, நல்லதுன்னுட்டாவ. வீட்டுலயும் சொல்லி வச்சேன், பேச்சு மாறக் கூடாதுன்னு. எம் பொண்டாட்டி அன்னைல இருந்து பக்கத்து வீட்டுக் குழாயில தண்ணி பிடிக்கப் போறதில்ல. எதாவது கேட்டா உளறிருவேன்னு பயம் அவளுக்கு.

வெளியூர் வக்கீலாப் பிடிச்சேன். கெட்டிக்காரரு. ஜாமீன் வாங்கிட்டாரு. ரெண்டு பேரு ஜாமீன் நிக்கணும், ஒருத்தரு ரத்த சொந்தம், இன்னொருத்தரு சொந்த வீடு இருக்க ஆள், தீர்வ ரசீது கொண்டு வரணும்னு கோர்ட்டுல சொல்லிட்டாவ. ரத்த சொந்தம் நான் இருக்கேன். வி.ஏ.ஓ.ட்ட பாங்குக்குன்னு சொல்லி எனக்குச் சர்ட்டிபிகேட்டு வாங்கிட்டேன். இன்னொரு ஆள்தான் வேணும். வக்கீல் சிரிச்சாரு, உங்களுக்கா ஆள் பஞ்சம்னு.

பஞ்சம் இல்ல தம்பி. கடைல இருந்து இப்பிடிக் கைய நீட்டுனா பத்துப் பேரு வருவான். கேக்கணும்லா? வாய் திறந்து, எம் மவன் ஜெயில்ல இருக்கான், வந்து கையெழுத்துப் போடுன்னு சொல்லணும்லா? எங்கிட்ட கையெழுத்துக்கு வந்து நின்னவன் முன்னால நான் போயி நிக்கணும்லா? ரெண்டு தடவ ஒருத்தன் வீடு வரைக்கும் போனேன். முதல் தடவ மழை எப்பிடின்னு பேசிட்டு வந்தேன். ரெண்டாவது தடவ அவன் பொண்டாட்டி காபி குடுத்தா, குடிச்சிட்டு வந்தேன்.

அதுக்குள்ள மவளுக்கு ஒரு நல்ல எடம் தெகஞ்சிட்டு. மாப்பிள்ள கூட்டுறவு பாங்குல வேலை. இந்த நேரத்துல இந்தப் பேச்சு வெளிய வரலாமா? நீங்களே சொல்லுங்க. வார ஆவணில கல்யாணம், அது முடியட்டும், முடிஞ்ச மறு நாளே வெளிய எடுத்துருவோம்னு முடிவு பண்ணுனேன். போயி மவன்ட்ட சொன்னேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தலைய ஆட்டுனான். தங்கச்சி கல்யாணம் நல்லா நடக்கட்டும்பான்னான். நல்ல பையன்னு சொன்னேன்லா?

கல்யாணத்துல எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பொண்ணோட அண்ணன் தம்பி யாரோ, அவன்தான் மாப்பிள்ளைக்கு மோதிரம் போடணும். மச்சினன் மோதிரம்னு சொல்லுவோம். அண்ணன் எங்கன்னு மேடைல வச்சுக் கேப்பாவளேன்னு நான் பதில் எல்லாம் தயார் பண்ணி வச்சிருந்தேன். லீவு கிடைக்கல, மும்பைல மழை, ரயில் ஓடல. ஒண்ணு போதலன்னா அடுத்தது, அப்பிடி வரிசையா. என் தம்பி மவன நிறுத்தி மோதிரத்தப் போட வச்சேன். மவ தலையக் குனிஞ்சிக்கிட்டா. மாப்பிள்ள மோதிரத்த விரல்ல வாங்காம உள்ளங்கைல வாங்குனாரு. "மச்சான் வந்து போடட்டும் மாமா, நான் வச்சிருக்கேன்"னு சொல்லிப் பைல வச்சிக்கிட்டாரு. என்ன ஒரு மரியாதையான பையன்னு நான் பூரிச்சுப் போனேன்.

ஆனா தம்பி, ஒருத்தரும் கேக்கல. அத்தன பேரு வந்தாவ, சாப்பிட்டாவ, மொய் எழுதுனாவ, ஒரு ஆள் கூட மூத்தவன் எங்கன்னு கேக்கல. கேட்டாத்தான பதில் சொல்ல? எனக்கு அன்னைக்குப் பெருமை தாங்கல. எவ்வளவு பக்குவமா மூடி வச்சிருக்கேன் பாத்தியான்னு ராத்திரி பொண்டாட்டிட்ட சொன்னேன். அவ வாழை இலையக் கட்டிக்கிட்டு இருந்தவ, என்னய ஒரு பார்வ பாத்தா. அதோட சரி.

கல்யாணம் முடிஞ்சு பந்தல் பிரிச்ச அன்னைக்கு எதுத்த வீட்டுக் கோமதிநாயகம் வந்தாரு. ரெண்டு வீட்டுக்கும் முப்பது வருசப் பழக்கம். மஞ்சப் பையில என்னமோ வச்சிருந்தாரு. எடுத்து மேசைல வச்சாரு, பாத்தா அவரு வீட்டுத் தீர்வ ரசீது, ஆதார் நகல், போட்டோ. எல்லாம் வரிசையா க்ளிப்புப் போட்டு. நான் என்னன்னு கேக்கல. அவருதான் பேசுனாரு.

"அண்ணாச்சி, நீங்க கேப்பியன்னு பாத்தேன். வைகாசில இருந்து எடுத்து வச்சிருக்கேன். நானா வந்து கேட்டா உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு இருந்தேன். தெருவுல எல்லாருமே அப்பிடித்தான் இருக்கோம். பிள்ளைய வெளிய கொண்டு வந்துருவோம்."

எல்லாரும். தெருவுல எல்லாரும். அப்ப கல்யாணத்துக்கு வந்தவன் ஒருத்தன் விடாமத் தெரிஞ்சுதான் கேக்கல. மாப்பிள்ளையும் தெரிஞ்சுதான் அந்த மோதிரத்தப் பைல போட்டிருக்காரு. நான் மும்பை மழையப் பத்தி ஒவ்வொருத்தன்ட்டயும் அளந்தேனே, அதக் கேட்டு எல்லாரும் தலைய ஆட்டுனாவளே. எனக்கு அப்பிடியே உடம்பெல்லாம் கூசிப் போச்சு. மேல துணி இல்லாம அத்தன மாசமும் பஜார்ல நடந்திருக்கேன், பாத்தவனெல்லாம் எனக்காக மூஞ்சியத் திருப்பிக்கிட்டிருக்கான். அந்த வெக்கத்த எப்பிடிச் சொல்லுவேன் உங்கள்ட்ட?

அப்ப என்ன செய்யணும்? அவரு கையப் பிடிச்சு அழணும். கூடவே கோர்ட்டுக்குப் போயிருக்கணும். என்ன செஞ்சேன் தெரியுமா? சிரிச்சேன். "யாருக்குவே ஜாமீன்? எம் மவன் மும்பைலல்லா இருக்கான்"னு சொன்னேன். சொல்லிட்டு, அந்தக் காயிதத்த எல்லாம் நானே பைல போட்டு, கல்யாண லட்டு நாலு எடுத்து மேல வச்சு, அவரு கைல குடுத்தேன். அவரு பைய வாங்கிக்கிட்டாரு. சரி அண்ணாச்சி, எனக்குத்தான் யாரோ தப்பாச் சொல்லிட்டாவன்னுட்டு எறங்கிப் போயிட்டாரு. எம் பொண்டாட்டி அடுப்படில நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தா. அன்னைல இருந்து எங்கிட்ட ரெண்டு வார்த்தைக்கு மேல பேசுததில்ல. சாப்பாடு வைப்பா, தண்ணி வைப்பா, போயிருவா.

அப்பிடிச் சொன்ன பிறகு திரும்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவரு வீட்டுக்குப் போவேன்? மும்பைல இருந்தவன் எப்பிடிய்யா ஜெயிலுக்குப் போனான்னு அவரு கேக்க மாட்டாரு. கேக்கவே மாட்டாரு. அதுதான் எனக்குத் தாங்காது. கேட்டாக் கூட நல்லாருக்கும்.

இன்னைக்கு மவன்ட்ட சொன்னேன், தல தீபாவளி வருது, சம்பந்தி வீட்டு ஆளுக எல்லாம் வருவாவ, அது ஒண்ணு மட்டும் முடியட்டும்னு. உடம்பெல்லாம் சொறி அவனுக்கு. படுக்க எடம் இல்லாம நெருக்கியடிச்சுப் படுத்து ஒருத்தன்ட்ட இருந்து ஒருத்தனுக்கு ஒட்டுதாம். சொறிஞ்சிக்கிட்டே நின்னான். முன்னால எல்லாம் எப்ப எடுப்பிய எப்ப எடுப்பியன்னு கேப்பான். இன்னைக்குக் கேக்கல. பக்கத்துல ஒரே கூச்சல். நான் காதக் கம்பில வச்சுக் கேட்டேன். "சரிப்பா. நான் மும்பைலயே இருந்துக்கிடுதேன்"னான்.

கோவமாச் சொன்னாக் கூடப் பரவால்ல தம்பி. சாதாரணமாச் சொன்னான், கடைக்குப் போயிட்டு வாரேன்னு சொல்லுத மாதிரி. நேரம் முடிஞ்சிட்டுன்னு விசில் ஊதுததுக்கு முன்னாலயே திரும்பி நடந்துட்டான். எல்லாப் பயலும் கடைசி நொடி வரைக்கும் வலையப் பிடிச்சிக்கிட்டு நிக்கான், எம் மவன் மட்டும் போறான்.

வெளிய வந்து அந்த வேப்பமரத்துல சாஞ்சு நின்னேன். அப்பத்தான் ஒரு யோசன வந்துது. நீங்க அந்த வார்டர்ட்ட பேசிக்கிட்டு இருந்ததக் கேட்டேன். ஒட்டுக் கேக்கல, காதுல விழுந்துது. பஸ்ல ஏறுனதும் தெரியாதவன் மாதிரிதான் உங்கள்ட்ட கேட்டேன். உங்க தம்பிக்கும் ஜாமீன் கிடைச்சிட்டு, நீங்க ஒரு ஆள் இருக்கிய, இன்னொரு ஆளுக்கு உங்க ஊர்ல ஒவ்வொரு வீடா ஏறி எறங்கிட்டிய, போலீஸ் கேஸுன்னு எவனும் வர மாட்டேங்கான், வரச் சம்மதிச்சவனுக்கு அவன் பேர்ல வீடு இல்ல. அப்பிடித்தான? உங்களுக்குக் காலனி வீடு ஒண்ணு உங்க பேர்ல இருக்குன்னியளே, ரசீது இருக்கா? இருக்குல்லா?

அப்ப நான் உங்க தம்பிக்கு நிக்கேன். நீங்க எம் மவனுக்கு நில்லுங்க. உங்களுக்கும் ஒரு ஆள் குறையுது, எனக்கும் ஒரு ஆள் குறையுது. ஒரே ஜில்லாதான, வெளியூர் ஆள் நின்னாச் செல்லுமான்னு வக்கீல்ட்ட முன்னமே கேட்டுருக்கேன், அதெல்லாம் செல்லும்னு சொல்லிட்டாரு. யாரோ எவரோன்னு யோசிக்காதிய. என் கையெழுத்துக்கு எங்கயும் மதிப்பு உண்டு. நாளைக்கே வேணும்னாலும் வாரேன். உங்க தம்பி பேரு என்ன?

இசக்கித்துரை. நல்ல பேரு. மெதுவாச் சொன்னாப் போதும் தம்பி, முன்னால இருக்கவரு திரும்பிப் பாக்காரு. அப்பன் பேரும் ஊரும் சொல்லுங்க, மனசுல வச்சிக்கிடுதேன். எனக்கு ஞாபகம் நிக்கும். சரி. சரி.

எம் மவன் பேரா?

வேணும்தான். பேரு தெரியாம எப்பிடிக் கையெழுத்துப் போடுவிய? கோர்ட்டுல கேப்பாவ, இந்தாள உனக்கு எத்தன வருசமாத் தெரியும்னு. அது வந்து தம்பி, அது எங்க அப்பா பேரு. மூத்த பேரன்னா தாத்தா பேருதான வைக்கணும். மாமனார் பேருங்கதால எம் பொண்டாட்டி ஒரு நாளும் அவனப் பேரச் சொல்லிக் கூப்பிட்டதில்ல, பெரியவன்னுதான் சொல்லுவா. எங்க கடை போர்டுலயும் அந்தப் பேருதான், உரச் சாக்கு வாங்குன ஆளுக்கெல்லாம் தெரியும். மனு பாக்க ஆள் வந்திருக்குன்னு அந்தப் பேர உள்ள ஒருத்தன் கத்திக் கூப்பிடும்போது எங்க அப்பாவையே கூப்பிடுத மாதிரி இருக்கு எனக்கு. அதப் போயி இந்த பஸ்ல வச்சு எப்பிடி?

உங்க ஊருக்கும் எங்க ஊருக்கும் ஒரே சந்தைதான். நீங்க நல்லவரு, வெளிய சொல்ல மாட்டிய. ஆனா உங்க வீட்டுல சொல்லுவிய. அவிய யார்ட்டயாவது சொல்லுவாவ.

கண்டக்டர், விலக்குல ஒரு ஆள் எறக்கம். ஊருக்குள்ள போயி எறங்கல தம்பி, இங்கனயே எறங்கி நடந்துருவேன். இல்ல, மாட்டேன்னு சொல்லல. கண்டிப்பா நிக்கேன், நீங்களும் நிக்கணும். வார வாரம் வரிசைல பாக்கத்தான போறோம். பேர அடுத்த வாரம் சொல்லுதேனே. அவன் எங்க போயிரப் போறான், அங்கதான இருப்பான்.